கண் மட்டத்துக்குப் போட்ட குளோரின்

"கண் மட்டத்துக்கு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வரும். கறிக்கு உப்பை அளக்காமல் கண் மட்டத்துக்குப் போடலாம். புட்டுக்குத் தண்ணீரைக் கண் மட்டத்துக்குத் தெளிக்கலாம். என் கணவர் நீச்சல் குளத்துக்குக் குளோரினைக் கண் மட்டத்துக்குப் போட்டார். அதுவும், எந்தப் பிள்ளைக்காக அந்தக் குளத்தை வெட்டினோமோ அந்தப் பிள்ளை முதன்முதலாக அதில் இறங்கவிருந்த நாளுக்கு முதல் நாள்.

குளம் வந்த கதையைச் சொல்லாமல் கோபத்தை மட்டும் சொன்னால் என்னை விசரி என்பீர்கள். என் மகளுக்குப் பதினைந்து வயதில் மூட்டுவாதம் வந்தது. அது கிழடுகளுக்கு வருகிற வருத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காலையில் விரல்கள் மடங்காது. முழங்கால் வீங்கிக் கிடக்கும். பிரஷைப் பிடிக்க முடியாமல் குளியலறைக்குள் நின்று அழுவாள். டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். தண்ணீருக்குள் நடப்பதும் நீந்துவதும் மூட்டுக்கு நல்லது. ஆனால் அவள் எடுக்கிற மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், தோலையும் இலேசில் புண்ணாக்கும். ஆகவே தண்ணீரில் கிருமியும் இருக்கக்கூடாது, கிருமி கொல்கிற மருந்தும் கூடிப்போகக்கூடாது.

முதலில் ஸ்காபரோவில் ஒரு பொதுக் குளத்துக்குத்தான் கூட்டிப் போனேன். தண்ணீருக்குள் இறங்கியதும் அவளுடைய முகம் மாறும். நோகாத முகத்தை நான் அங்கேதான் திரும்பக் கண்டேன். அந்தச் சந்தோஷமும் கொஞ்சக் காலம்தான். உடுப்பு மாற்றும் இடத்தில் தெரிந்த அன்ரி ஒருவர் எங்களைக் கண்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை நொண்டுறா? எங்கையும் விழுந்தவவோ?"

"ஓம் அன்ரி. பாஸ்கற்போல் விளையாடேக்க," என்று மகள் பொய் சொன்னாள்.

அன்றிரவு இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் அன்ரியைத் திட்டுவார் என்று பார்த்தால், என்னைப் பார்த்தார்.

"இனி அங்க கூட்டிக்கொண்டு போகாதையும். நாளைக்கு ஒரு கலியாணம் எண்டு வரேக்க உது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். என்ர அக்காவுக்குக்கூடச் சொல்லாதையும்."

"பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு இப்ப ஆர் கலியாணம் பேசினது?"

அதன் பிறகு நொண்டலைப் பற்றிக் கேட்ட சொந்தக்காரர் எல்லோருக்கும் அந்தப் பாஸ்கற்போல் கதைதான். அடுத்த வசந்தத்தில் ரூஜில் எங்கள் வீட்டின் பின்வளவைக் கிண்ட மெஷின் வந்தது. மனுசன் பிள்ளையில் உயிரை வைத்திருக்கிறார், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். இரட்டை ஷிஃப்ட் அடித்துத்தான் அந்தக் குளத்தைக் கட்டினார். ஆனால் பிள்ளை நீந்துவதற்காக எவ்வளவு கட்டினாரோ, பிள்ளையை ஒளிப்பதற்காகவும் அவ்வளவு கட்டினார். உயரமான வேலியும் அடித்தார்.

தண்ணீர் நிரப்பிய அன்று, கட்டிக்கொடுத்தவர் ஒரு சின்னப் பெட்டியை என் கையில் தந்தார். உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய்கள், துளித் துளியாக விடுகிற மருந்துக் குப்பிகள், ஒரு நிற அட்டை. புதுச் சீமெந்துப் பூச்சு முதல் மாதம் முழுவதும் தண்ணீருக்குள் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்குமாம். அதனால் பிஎச் ஏறிக்கொண்டே போகும், அமிலம் விட்டு இறக்க வேண்டும் என்றார். நான் பல் டொக்டர் ஒருவரிடம் ரிசெப்ஷனில் வேலை செய்கிறவள். இரசாயனம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஆகாது. ஆனாலும் படித்தேன். பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தை பஸ்ஸில் வைத்துப் படித்தேன்.

பிஎச் கூடினால் குளோரின் தண்ணீருக்குள் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. சம்பளம் எடுத்துக்கொண்டு கதிரையில் நித்திரை கொள்கிறவன் மாதிரி. அமிலத்தை விட்டுப் பிஎச்சை இறக்கினால் காரத்தன்மை கூடவே இறங்கிவிடும். அதை ஏற்ற அப்பச்சோடா போட வேண்டும். நான் தமிழ்க் கடையில் இருந்த அப்பச்சோடாவை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தபோது, கல்லாவில் நின்ற பெண் எந்தக் கலியாண ஹோலில் அப்பம் சுடுகிறீர்கள் என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீர் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்ப்பேன். ஒரு துளி கூடினாலும் ஊற்றிவிட்டுத் திரும்பச் செய்வேன்.

"பல் டொக்டரிட்ட வேலை செய்து செய்து தண்ணிக்கும் டொக்டராகிட்டீர். உதெல்லாம் ஒரு கண் மட்டத்துக்குப் போட்டால் சரி," என்பார் என் கணவர்.

அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒருவழியாகத் தண்ணீர் ஓர் இடத்தில் நின்றது. மகள் நீளக் கை வைத்த நீச்சல் உடுப்பு ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை இறங்கலாம் என்று சொன்னேன். என் கணவர் அதற்குள் தன் சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். குளம் கட்டியதை மறைக்க முடியாதுதானே. வெள்ளிக்கிழமை நான் வேலையால் களைத்து வந்தபோது, அவர் அதிசயமாக, "நீர் போய்ப் படும். இண்டைக்கு டெஸ்ட் நான் பாக்கிறன்," என்றார். நானும் மடைச்சி மாதிரிச் சந்தோஷப்பட்டுக்கொண்டு போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் பின்வளவு நிறையச் சனம். ஒரு பக்கம் கோழி சுடுகிறார்கள், ஒரு பக்கம் வடைத் தட்டம் சுற்றுகிறது. என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், பிக்கரிங்கில் இருந்து குடும்பத்தோடு வந்து நடுக்கதிரையில் இருந்தார். மகள் துவாயைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மா, கேன் ஐ கோ இன்?"

"பொறு அம்மா. ஒருக்காத் தண்ணியைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

"நான் நேற்றே பாத்திட்டன். பிள்ளை போகட்டும், விடும்," என்றார் என் கணவர். அவர் அதைச் சொன்ன அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீருக்குக் கிட்டப் போனதும் மூக்கைக் குத்தியது. குளத்து ஓரத்தில் மிதக்கிற குப்பை சேர்கிற கூடையின் மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இதழ்கள். கையில் எடுத்துப் பார்த்தால் செவ்வந்தி. எங்கள் வளவில் செவ்வந்தி இல்லை. காம்படியில் மட்டும் பழைய மஞ்சள் ஒட்டியிருந்தது, மிச்சமெல்லாம் கடதாசி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

குழாயில் தண்ணீர் எடுத்துத் துளிகளை விட்டேன். குளோரின் இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும், கூட இருந்தால் கடுஞ்சிவப்பாகும். முதல் துளி விழுந்த இடத்தில் ஒரு கணம் சிவப்பு மின்னியது. உடனே காணாமல் போயிற்று. பிறகு குழாயில் வெறும் தண்ணீர் நின்றது.

என் கணவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பாத்தீரோ, இன்னும் குளோரின் காணாது. நேற்றும் உப்பிடித்தான். எவ்வளவு போட்டும் நிறம் வரேல்லை. இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்த எச்சரிக்கையே இதுதான். குளோரின் அளவுக்கு மிஞ்சிப் போனால், அந்த நிறத்தையே வெளுத்துவிடும். குழாய் ஒன்றுமில்லை என்று பொய் சொல்லும். நான் குடிக்கிற தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, குளத்துத் தண்ணீரில் கொஞ்சத்தை அதோடு கலந்து, திரும்பத் துளிகளை விட்டேன். அவ்வளவு கலந்த பிறகும் பீட்ரூட் சாறு மாதிரிச் சிவந்தது.

"எவ்வளவு போட்டனீங்கள்?"

"அது… ஒரு கண் மட்டத்துக்கு."

கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். கோடை முழுவதற்கும் என்று வாங்கி வைத்த குளோரின் வாளியில் அடி தெரிந்தது.

"ஏன் போட்டனீங்கள்? வியாழக்கிழமை தண்ணி சரியா இருந்ததே."

அவர் தன் அக்காவைப் பார்த்தார். அக்கா கதிரையை விட்டு எழுந்து வந்தார்.

"நான்தான் நேற்றுப் பால் வாத்தனான். வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பாத்து வந்தனான். மஞ்சள் தண்ணி தெளிச்சுப் பூவும் போட்டனான். புதுத் தண்ணிக்கு ஒண்டும் செய்யாமல் இறங்குறதோ? இதுக்கேன் மூஞ்சையை நீட்டுறீர்?"

நான் வேலையில் நின்ற நேரம் பை பையாகப் பால் வெட்டி ஊற்றினாராம். குளோரின் முழுவதையும் அந்தப் பால் தின்றுவிட்டது. தண்ணீர் மங்கிவிட்டது. எனக்குத் தெரியாமல் அதைத் தெளிய வைக்கத்தான் இவர் வாளியைக் கவிழ்த்திருக்கிறார்.

மச்சாளில் எனக்கு வந்தது சின்னக் கோபம். அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல்தானே வைத்திருந்தோம். என் வயிறு எரிந்தது இவரை நினைத்து. வேண்டாம் அக்கா, இந்தத் தண்ணீருக்குள் எதுவும் விடக்கூடாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா ஏன் என்று கேட்பார். அந்த 'ஏன்' வரக்கூடாது என்பதற்காகப் பாலை ஊற்றவிட்டார். பாலை மறைக்கக் குளோரினை ஊற்றினார். குளோரினை மறைக்கப் பிள்ளையை இறங்கச் சொன்னார். ஒளித்து ஒளித்துக் கடைசியில் அந்தப் பிள்ளையின் தோலிலேயே கொண்டுவந்து விட்டிருப்பார்.

"ஒருத்தரும் இறங்கக் கூடாது," என்றேன். சுட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"குளோரின் கூடினால் என்ன, கிருமி சாகும்தானே," என்றார் மச்சாள். "எங்கட சனம் வாறது உமக்குப் பிடிக்கேல்லை எண்டால் நேரா அதைச் சொல்லும்."

சொல்ல வேண்டியது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அது என்னுடைய கதை இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் போர்த்திருந்த துவாயை எடுத்துக் கதிரையில் போட்டாள்.

"மாமி, ஐ ஹாவ் ஆர்த்ரைட்டிஸ். எனக்கு மூட்டுவாதம். இந்த பூல் எனக்காகத்தான் கட்டினது. இதுக்குள்ள இப்ப இறங்கினால் என்ர தோல் எரியும்." வீங்கிய விரல்களை விரித்துக் காட்டினாள். "பாஸ்கற்போல் எல்லாம் பொய்."

"உந்த வயசிலயோ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் கணவர் போய்ப் படியில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக, கோழியை ஃபொயில் பேப்பரில் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து, "இனி எண்ணி எண்ணித் துளி விடுங்கோ," என்றேன். வெயில் படப் படக் குளோரின் தானாக இறங்கும், காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காலைகளில் அவரும் மகளும் குனிந்து நின்று குழாயைப் பார்ப்பதை நான் குசினி ஜன்னலால் பார்த்தேன். அவளுக்கு விரல் மடங்காத நாட்களில் அவர் குப்பியை அமுக்குவார், அவள் எண்ணுவாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

தண்ணீர் சரிவந்த அன்று, மகள் தன் மாமியின் மகளை நீந்த வரச்சொல்லிக் கேட்டிருந்தாள். இருவரும் ஒரே வயது, சின்னதில் ஒரே பாயில் படுத்தவர்கள். மகள் காத்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. நோகாத அந்த முகம் திரும்ப வந்தது. அப்போதுதான் மச்சாளின் ஃபோன் வந்தது. கரையில் நின்ற நான் ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டேன்.

"குறை நினையாதையும். பிள்ளையை அனுப்ப முதல் ஒண்டு கேக்க வேணும். உந்த வருத்தம் தண்ணிக்குள்ளால தொத்துமோ?"

என் கணவரின் முகம் கறுத்தது. "அக்கா, உதென்ன கதை," என்று முதல் தடவையாக வாய் திறந்தார். எனக்கோ கோபத்தில் கண் கடை தெரியவில்லை. இருபது வருடமாகச் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்ட வாயைத் திறந்தேன். மகள் தண்ணீருக்குள் நடந்து கரைக்கு வந்து, ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள். கரையில் வைத்திருந்த கண்ணாடிக் குழாயை மற்றக் கையில் எடுத்தாள், இருக்க வேண்டிய இளஞ்சிவப்பில் இருந்தது.

"மாமி, இப்பதான் நான் டெஸ்ட் பண்ணினனான். தண்ணியில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் வந்தால்தான் திரும்பவும் டெஸ்ட் பண்ண வேணும்."