கண்மாயில் இரண்டு சம்பந்திகள்

எங்கள் வீட்டில் படகு இருக்கிறது என்று சொன்னால் ராஜபாளையத்தில் யாரும் நம்புவதில்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய ஊர் இது. இங்கே, பாண்டேஜ் துணி நெய்கிற எங்கள் தறி ஷெட்டுக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்திய ஒரு படகு கிடக்கிறது. பெயர் என்னவோ நம் கட்டுமரத்திலிருந்து வந்த ‘கேட்டமரான்’தான். ஆனால் அதில் மரம் ஒரு துண்டுகூடக் கிடையாது. ஒல்லியாக இரண்டு பைபர் ஓடங்கள், அவற்றைச் சேர்க்கும் அலுமினியக் குழாய்கள், உட்காருவதற்கு நடுவில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, மேலே பாய். அவ்வளவுதான்.

என் மகளும் மருமகனும் சென்னையில் பாய்மரப் படகு ஓட்டப் பழகப்போன இடத்தில்தான் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்ததும் பழைய படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி, என் தலையில் கட்டிவிட்டு, பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். லீவுக்கு வரும்போது வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கு அதைக் கொண்டுபோவோம். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் பொங்கல் வரைக்கும் அதில் தண்ணீர் தளும்பும்.

நானும் ஓட்டப் பழகினேன். ஓட்டுவது சுலபம். ஓட்டுவதற்கு முன்னால் பாய் கட்டுகிற வேலையில்தான் மானம் போகும். முதல் முறை, பாயில் கொக்கியை மாட்டாமலே, அதை மேலே தூக்குகிற ஏற்றுகயிற்றை இழுத்துவிட்டேன். கொக்கி மட்டும் தனியாகப் பாய்மரத்தின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எடுக்க மரத்தையே சாய்க்க வேண்டியதாயிற்று. இன்னொரு முறை பாயைத் தலைகீழாக மாட்டினேன். அதற்கடுத்த முறை சுக்கானுக்கு ஆணி போட மறந்து, அது தனியாக மிதந்து போனது. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், “எக்கா, எது மேல எது கீழன்னு சாக்பீஸ்ல எழுதி வச்சுக்கிட்டா என்ன?” என்று கேட்டார். அவர் மாடுகளைப் பற்றி நானும் நாலு வார்த்தை சொன்னேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அது ஊருக்கே தெரியும்.

இனி சம்பந்தியம்மா விஷயத்துக்கு வருகிறேன். மருமகனின் அம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் வீடு. நாங்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் இந்துக்கள். கல்யாணப் பேச்சில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை முறை எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அவர் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. “இப்பத்தான் சாப்பிட்டு வாரேன்” என்பார். தண்ணீர்கூடப் பையில் பாட்டிலோடு வரும். என் மீன்குழம்புக்குப் பக்கத்துத் தெலுங்குக்காரர் வீட்டிலிருந்து கிண்ணத்தோடு ஆள் வரும். சொந்தச் சம்பந்தி மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சிரித்துவிட்டு எழுந்து போவார். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. என் மகள் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் காலமெல்லாம் சமாதானம் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமோ என்று பயமாகவும் இருந்தது.

போன பொங்கல் லீவுக்கு அவரும் கண்மாய்க்கு வந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். கரையில் இறங்கியதும், “நானும் ஏறுதேன்” என்றார். மகள் என்னைப் பார்த்தாள். “அம்மா கூட்டிட்டுப் போவாங்க அத்தை” என்று என்னை மாட்டிவிட்டாள்.

பாயை ஏற்றப்போகும் நேரத்தில் சம்பந்தியம்மா பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். பச்சை மிளகாயோடு சேர்த்துக் கோத்தது. “புது வண்டிக்குக் கட்டுவோம்ல, அதுமாதிரி. கண்ணு பட்டுறக் கூடாது” என்று பாயின் மேல் நுனியில் கட்டினார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் முதல்முறையாக அவர் எங்களுடைய ஒரு பொருளுக்காகக் கையோடு ஏதோ கொண்டுவந்திருக்கிறார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? பழமும் மிளகாயும் பாயோடு சேர்ந்து உச்சிக்குப் போயின.

என் பங்குக்கு நான் செய்தது இதைவிட மோசம். காற்றைப் பிடிக்கப் பாயை இழுத்து வைக்கிற கயிற்றை ஷெட்டில் எலி கடித்திருந்தது. அறுந்த இரண்டு துண்டையும் தறியில் நூலுக்குப் போடுகிற நெசவு முடிச்சால் சேர்த்தேன். தறிக்காரி கை சும்மா இருக்குமா? முடிச்சு விழுந்ததும் கத்தரியை எடுத்து, இரண்டு பக்கமும் மிஞ்சிய கயிற்று வாலை ஒட்ட நறுக்கிவிட்டேன். தறியில் அப்படித்தான் செய்ய வேண்டும். வால் நீண்டால் நூல் சிக்கும். மருமகன் தயங்கினார். “அத்தை, இது வழுக்குற கயிறு. கொஞ்சம் வால் விடணும்...”

“நான் பொறந்ததே தறிக்குப் பக்கத்துலதான் மாப்பிள்ளை” என்றேன். அவர் படகைத் தண்ணீருக்குள் தள்ளப் போனார்.

கிளம்பியபோது அம்புட்டு அழகு. வாடைக்காற்று பாயை நிறைத்தது. மேற்கே மலை நீலமாக நின்றது. ஒரு பக்கத்து ஓடம் தண்ணீரைவிட்டு லேசாக எழும்பவும் சம்பந்தியம்மா ‘ஐயோ’ என்று அலறினார். அடுத்த நிமிடமே, “இன்னொருக்கா தூக்குங்க” என்றார். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. கரையில் நின்ற மாட்டுக்காரரைப் பார்த்துக் கை வேறு ஆட்டினேன்.

கண்மாயின் நடுவில் காற்று ஒரு இழுப்பு இழுத்தது. என் முடிச்சு வழுக்கிக்கொண்டு பிரிந்தது. கையில் அரைக்கயிறு, மீதிக் கயிறு பாயோடு. பாய் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. படகு தன் இஷ்டத்துக்குத் தென்மேற்கே நகர்ந்தது. பாயை இறக்கிவிடலாம் என்று ஏற்றுகயிற்றை அவிழ்த்தேன். பாய் இறங்கவில்லை. தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். எலுமிச்சம்பழத்தின் நூலும் மிளகாயும் பாய்மர உச்சியில் ஏற்றுகயிறு ஓடுகிற கப்பிக்குள் போய் நன்றாக இறுகியிருந்தன.

“உங்க பழந்தான்!” என்றேன். வாயை அடக்கத் தெரியவில்லை எனக்கு.

“உங்க முடிச்சுதானே மொதல்ல அவுந்துச்சு?” என்றார் அவர்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நானும் பார்த்தேன். போச்சு, எல்லாம் போச்சு, மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தேன். அப்போது படகு தண்ணீரில் நின்ற கருவேல மரங்களுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. கிளையிலிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. சம்பந்தியம்மாவுக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு இல்லை இது. எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரையிலிருந்து மருமகன் கையைக் காட்டிவிட்டு, கண்மாயில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்தவர்களின் லாரி டியூப்பைத் தேடி ஓடினார். நாங்கள் காத்திருந்தோம். வெயில் ஏறியது. கரையில் வைத்தால் மாடு மேய்ந்துவிடும் என்று நான் கையோடு எடுத்து வந்த சாப்பாட்டுப் பை எங்களுக்கு நடுவில் கிடந்தது.

“அந்தப் பையில என்ன வச்சிருக்கீக?” என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

“தக்காளிச் சோறு. உருளைக்கிழங்கு வறுவல். பிள்ளைகளுக்குன்னு செஞ்சேன்.”

“பசிக்கி.”

டப்பாவைத் திறந்து கொடுத்தேன். அவர் உடனே கை வைக்கவில்லை. “மொதத் தடவ வந்தப்ப ஏதோ கூச்சத்துல வேண்டாம்னுட்டேன். பொறவு நானா எப்படிக் கேக்கதுன்னு தெரியல. நீங்க குழம்பு தாளிக்கிற வாசம் தெருமுனை வரைக்கும் வரும். எம்புட்டு நாளு நாக்கைக் கடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன் தெரியுமா?”

இந்தக் கூச்சத்துக்கா நான் இத்தனை நாள் தூக்கம் கெட்டேன் என்று நினைத்தேன். கருவேல நிழலில் வலைத்துணிமேல் சம்மணம் போட்டு அவர் சாப்பிட்டார். வறுவலையும் விடவில்லை. தூரத்தில் மருமகன் டியூப்பில் உட்கார்ந்து கைகளால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. மெதுவாகவே வரட்டும் என்று நினைத்தேன்.

பாதி டப்பா காலியானதும் அவர் நிமிர்ந்தார். அதுவரை என்னைச் சம்பந்தியம்மா என்று மட்டுமே கூப்பிட்டவர், அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல, “மதினி, உப்பு செத்த கூடிப்போச்சு” என்றார்.

விருந்தாளி யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வீட்டு மனிதர்கள் சொன்னால் நான் சும்மா விட்டதும் இல்லை.

“அடுத்தவாட்டி கொறச்சுப் போடுதேன் மதினி” என்றேன்.