பெரிய மெஷினும் பழைய வயரும்

கொரோனா ஓய்ந்த மறுவருடம். லுக்குட் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தின் பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்தோம். எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, நடுவில் பலகைச் சுவர். என் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். எனக்கு செனாவாங் தொழிற்சாலையில் வேலை.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வேலை போய்விட்டது. வெல்டிங் தெரியும் என்பதால், வீட்டிலேயே ஜன்னல் கிரில் செய்து பிழைக்கலாம் என்று மெஷின் வாங்கப் போனான். மருந்து வாங்க வேண்டியிருந்ததால் நானும் அவன் காரிலேயே போனேன்.

கடைக்காரர் முதலில் கேட்டதே, "வீட்டு வயரிங் எவ்ளோ ஆம்ப் தாங்கும்?" என்றுதான். தம்பிக்குத் தெரியவில்லை. அவர் சின்ன மெஷின் ஒன்றைக் காட்டினார்.

"பழைய வீடுன்னா இது போதும்லா. பெருசு வேணும்னா மெயின் பெட்டியிலேர்ந்து தனி லைன் இழுக்கணும். வயர்மேன கூப்பிட்டுப் பாருங்க."

தம்பியின் கண் பெரியதிலேயே இருந்தது. "தடிப்பு இரும்புக்கு இதாண்ணே சரி" என்று அதையே வாங்கினான்.

வீட்டில் வெல்டிங் கம்பியை இரும்பில் வைத்தவுடன் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போனது. போட்டால் மறுபடி விழுந்தது. அவன் வயர்மேனைக் கூப்பிடவில்லை. சில நாளில் விழுவது நின்றது.

"விழுற அந்த பிரேக்கர பெருசா மாத்திட்டேங்க்கா. இனிமே தொல்ல இல்ல" என்று சிரித்தான். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கொல்லைப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கருகும் வாடை. நிமிர்ந்தால் அவன் வீட்டுக் கூரையில் புகை. நான் கத்துவதற்குள் நெருப்பு எங்கள் கூரைக்குத் தாவிவிட்டது. உள்ளே அவர்.

வாசலுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் தம்பி உள்ளே புகுந்திருந்தான். "வராதீங்கக்கா!" என்று அலறினான். அவரை மெத்தையோடு இழுத்து வந்தான். எரிகிற பலகை கைகளில் விழுந்தும் அவன் பிடியை விடவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது மூன்று வீடுகள் சாம்பலாகிவிட்டன. வந்த அதிகாரி கருகிய வயரைக் காட்டினார். வயர் தாங்காதபோது சுவிட்ச் விழ வேண்டும். பெரிய பிரேக்கர் போட்டதால் விழவில்லை. வயர்தான் பலகைச் சுவருக்குள்ளேயே வெந்து தீப்பிடித்திருக்கிறது என்று விளக்கினார்.

என் கணவருக்கு உடம்பில் தீக்காயம் இல்லை. ஆனால் புகை நெஞ்சை அடைத்துவிட்டது. அந்த வாரமே மருத்துவமனையில் என் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார்.

சவ எடுப்பு அன்று தம்பி கட்டுப் போட்ட கைகளோடு ரோட்டோரமாக நின்றான். என் கொழுந்தன் அடிக்கப் போனார். நான் தடுத்து, "வந்து முகத்தப் பாத்துக்க தம்பி" என்றேன்.

"அண்ணன நாந்தான் கொன்னுட்டேங்க்கா" என்று அழுதான்.

அவன் விரல்கள் இப்போதும் மடங்காது. வெல்டிங் அத்தோடு போயிற்று. என் கணவரின் சாவுக்குக் காரணமானவனும், அவரை நெருப்புக்குக் கொடுக்காமல் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவனும் ஒரே ஆள் என்பதால், வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் இன்றுவரை அவன் பெயரை மனத்துக்குள் சுமந்துகொண்டிருக்கிறேன்.