பன்னிரண்டு மணி வெடி

மூன்று வருடத்துக்கு முதல், மால்ட்டா தீவின் தலைநகரான வலெட்டாவில் நடந்தது. லண்டனில் மச்சானின் மகளுக்குக் கல்யாணம். ஒக்லண்டில் இருந்து அவ்வளவு தூரம் பறந்துவிட்டுச் சும்மா திரும்புவதா என்று மனைவி ஒரே பிடியாக நின்று, நாலு நாள் மால்ட்டாவுக்கும் கூட்டிக்கொண்டு போனாள்.

சின்ன ஊர். மூன்று பக்கமும் கடல், கடலுக்குள் இருந்தே எழும்புகிற மதில், பச்சையும் சிவப்புமாய்ப் பெட்டி மாதிரித் தொங்குகிற மரப் பல்கனிகள். வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலு தேவாலயம், மூன்று மாளிகை பார்த்ததும் எனக்குக் கால் கழன்றுவிட்டது. மனைவி கோட்டைக்கு மேலிருக்கிற பூங்காவில் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்துவிட்டாள். கீழே யுத்தகாலச் சுரங்கம் இருக்கிறது, வாங்கோ என்று மகள் இழுத்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்கிற, நியூசிலாந்தில் பிறந்த பிள்ளை.

ஒன்றைச் சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் யுத்தத்துக்குள், பீரங்கிச் செல்லடிக்குள் வளர்ந்தவன். வீட்டு வளவுக்குள் அப்பா வெட்டிய பதுங்குகுழியில், பங்கரில்தான் என் பாதிப் படிப்பு. அதில் ஒரு சொல்லும் மகளுக்குச் சொன்னதில்லை. அந்தப் பயம் என்னோடு முடியட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மனைவியையும் கதைக்க விடமாட்டேன்.

படி இறங்க இறங்கக் குளிர்ந்தது. ஈரக்கல் மணம். இரண்டாம் உலகயுத்தத்தில் குண்டு போட்ட காலத்தில் சனங்கள் ஒளிந்திருந்த இடமாம். வழிகாட்டிப் பெண் வாய் திறக்க முதலே எனக்கு எல்லாம் தெரிந்தது. வழி ஏன் நேராகப் போகாமல் முறிந்து திரும்புகிறது, சுவரில் அந்தச் சின்னக் குழி எதற்கு, குழந்தையை எந்த மூலையில் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு நாளும் காணாத நாட்டில், சொந்த வீட்டுக்குள் போவதுபோல நடந்தேன். விளக்குக் குழிக்கு மேல் புகைக்கரி இன்னும் இருந்தது. தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன். இந்த வழியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மகள் கேட்டாள். ஏதோ படத்தில் பார்த்தது என்று புளுகினேன்.

கடைசி அறையில், அந்தக் காலத்து இருட்டைப் பாருங்கள் என்று வழிகாட்டி விளக்கை அணைத்தாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பக்கத்தில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அப்போது தலைக்கு நேர் மேலே, ‘தொம்!’

பிறகு நடந்தது ஞாபகம் இல்லை. விளக்கு எரிந்தபோது நான் சுவரோரம் குந்தியிருந்தேன். இரண்டு காதையும் பொத்தி, வாயை ஆவென்று திறந்தபடி. செல் விழும்போது காது வெடிக்காமல் இருக்க அப்பா பழக்கியது. வெள்ளைக்காரர் பத்துப் பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே கோட்டையில் ஒவ்வொரு நாளும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடிப்பார்களாம். சொல்ல மறந்துவிட்டேன் என்று அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். மானம் போச்சே என்று எழும்பி மகளைத் தேடினேன்.

அவள் எதிர் மூலையில் குந்தியிருந்தாள். முதுகு சுவரில், இரண்டு கையும் காதில், வாய் திறந்தபடி.

ஐயோ! பங்கருக்குள் என் தங்கச்சி அச்சொட்டாக அப்படித்தான் குந்துவாள். அவள் இப்போது இல்லை. பார்க்காத அத்தையைப் போல இந்தப் பிள்ளைக்குக் குந்தத் தெரிந்தது எப்படி?

வெளியே வெயிலுக்கு வந்துதான் கேட்டேன், உனக்கு இதை யார் காட்டித் தந்தது என்று.  தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னாள்.

"நவம்பரில வெடி போடேக்க அப்பா கராஜுக்குள்ள இப்பிடித்தானே இருப்பீங்கள். நான் கதவு இடுக்கால பார்த்தனான். பிறகு நானும் ரூமுக்குள்ள அப்பிடி இருப்பன். அஞ்சு வயசில இருந்து."

ஒக்லண்டில், ரானுயியில் எங்கள் தெருவில் நவம்பர் ஐந்தாம் திகதிக் ‘கை ஃபோக்ஸ்’ நாள் வாணவேடிக்கை ஒரு கிழமைக்கு அடங்காது. அந்த நாட்களில் பொழுதுபட்டால் கராஜ் துப்புரவாக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். பத்து வருடம்! நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் என் பிள்ளை.

பூங்காவில் மனைவி, பீரங்கி வெடித்ததை வீடியோ எடுத்தேன், பாருங்கோ என்று ஃபோனை நீட்டினாள். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் அந்த வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து பங்கரையும் தங்கச்சியையும் மகளுக்கு முதன்முதலாகச் சொன்னேன்.

இப்போது வெடி தொடங்கினால் இரண்டு பேரும் சோஃபாவில் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். பயம் அண்டாமல் பிள்ளையை வளர்க்கிறேன் என்று பெருமைப்பட்ட அந்தப் பத்து வருடமும் அவளை அதே பயத்தோடு தனியே விட்டிருந்தேன் என்பது இன்றைக்கும் நெஞ்சைச் சுடுகிறது.