கன்னியம்மா வீட்டுச் சுவரில் கோதண்டம்

செய்தி வந்தபோது நான் கல்மண்டபத்து ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் படத்துக்கு டச்சப் செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே வாசலில் நின்று கத்தினார். "கோதண்டம் பூட்டாரு, நைனா! கிரேன்ல இருந்து சரக்கு சறுக்கி மேல வுழுந்துட்ச்சு." மத்தியானம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். "துணிய எடுக்காதீங்க" என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். செத்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்துக் கடைசிப் படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவன் அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

யுத்தத்தில் அரபு தேசத்து பஸ்ரா துறைமுகம் வரை போய் உயிரோடு வந்த மனிதர், பிறந்து வளர்ந்த ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே இப்படிப் போனார். கிரேன் சங்கிலி பழையது என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. மாலை மட்டும் பெரிதாக வாங்கி அனுப்பியிருந்தார்கள்.

அவரை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் அவர் வீட்டில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். பார்த்திருக்கிறீர்கள். கன்னியம்மா வீட்டில், அவர் புருஷன் ஏகாம்பரம் என்ற பெயரில். கன்னியம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தப்பு என்னுடையது.

யுத்த காலத்தில் துறைமுகத்துக் கூலியாட்களில் திடமானவர்களாகப் பொறுக்கிப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். துப்பாக்கி தூக்க அல்ல, தூர தேசத்துத் துறைமுகங்களில் மூட்டை இறக்க. கப்பலேறுவதற்கு முதல் நாள் இருபத்திரண்டு பேரும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே தொப்பி, ஒரே மாதிரி மீசை. வரிசைப்படி பெயர்களை நோட்டில் எழுதி வைத்தேன். ஒரே ஒரு பிரதி போட்டோம், அதை அவர்களுடைய ஆபீசர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏகாம்பரம் பஸ்ராவில் காய்ச்சலில் செத்துப்போனதாகக் காகிதம் வந்தபோது, அவருடைய தாயார் என்னிடம் வந்தார். மகன் முகம் வேண்டும் என்றார். நோட்டைப் புரட்டினேன். இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது. கண்ணாடிப் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன், அந்தத் தலையை மட்டும் பெரிதாக்கினேன். அம்மைத் தழும்புகள் நிறைய இருந்தன. செத்த பிள்ளை லட்சணமாகத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றையும் பென்சிலால் மறைத்தேன். அப்போது என் கைவேலையில் எனக்குக் கர்வம் உண்டு. பிளேட்டைப் புறம் மாற்றிப் பிடித்தேன் என்பது மட்டும் தெரியவில்லை. புறம் மாறினால் இடது வலது ஆகும். இடமிருந்து மூன்றாவதாக நின்றவர் ஏகாம்பரம், வலமிருந்து மூன்றாவதாக நின்றவர் கோதண்டம். அந்த அம்மாளுக்கோ இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.

யுத்தம் முடிந்து திரும்பிய கோதண்டம் முதல் வேலையாக ஏகாம்பரத்தின் தகரப்பெட்டியைக் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனார். அங்கிருந்து நேராக ஸ்டூடியோவுக்கு வந்து என் சட்டையைப் பிடித்தார். "இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கே? உசுரோட கீற என் மூஞ்சிக்கு அந்தம்மா வெளக்கேத்தி வெச்சுகினு கீது!" நான் பிளேட்டைத் தேடி ஓடினேன். அது இருந்தால்தானே? கண்ணாடி கிடைக்காத காலம் அது. பழைய பிளேட்டுகளைச் சோடா போட்ட வெந்நீரில் கழுவி, படங்களுக்குச் சட்டம் போடுகிற கண்ணாடியாக்குவோம். இருபத்திரண்டு பேரையும் என் கையாலேயே கழுவியிருந்தேன்.

அதைக் கேட்டதும் அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "வுடு மாமு. பட்டாளத்துல எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். அந்தம்மா தடவிப் பாக்குற வரிக்கும் இருக்கட்டும்" என்றார். அந்தத் தாயாரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு கன்னியம்மாவிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. வருஷா வருஷம் ஏகாம்பரத்தின் திதிக்குக் கோதண்டம் போய், தன் படத்துக்குப் படைத்த சோற்றைத் தானே சாப்பிட்டுவிட்டு வருவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ராயபுரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பட்டாளத்துக்குப் போனவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் படங்களைக் கொண்டுவந்து வைத்து, மேடையில் நினைவுகளைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கன்னியம்மா படத்தைக் கொண்டுவந்தார். பேச அழைத்தபோது, "எனக்கு இன்னா தெரியும்? கூட இருந்தவரு அண்ணன்தான், அவரைக் கேளுங்க" என்றார். மாலை போட்ட தன் முகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கோதண்டம் ஏகாம்பரத்தைப் பற்றிப் பேசினார். காய்ச்சலில் கிடந்தபோதும் காசிமேட்டு வஞ்சிர மீனைப் பற்றியே அவர் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னார். துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்ததைச் சொன்னார். சபை முழுவதும் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. அவருக்குத் தலை நரைத்திருந்தது, மீசையையும் எடுத்திருந்தார். தழும்புள்ள முகத்தையும் தழும்பில்லாத முகத்தையும் ஒருவராவது சேர்த்துப் பார்க்கவில்லை.

பேசி முடித்து முன்வரிசையில் உட்காரப் போனார். கூட்டம் நடத்தியவர்களில் ஒருவர் தடுத்து, "உங்க படம் எங்கே?" என்றார். "நமக்கு ஏது சார் படம்?" என்றார் கோதண்டம். படம் கொண்டுவந்தவர்களுக்குத்தான் முன்வரிசை நாற்காலியாம். கடைசி வரை சுவரோரமாகவே நின்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது, "மாலையும் எனக்கே போட்டாங்கோ, சேர் இல்லன்னு சொன்னதும் என்கிட்டயேதான். தமாசா கீதுல்ல மாமு?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேமரா முன்னால் உட்காருங்கள், ஒரு படம் எடுத்துவிடுகிறேன் என்று அன்றும் கெஞ்சினேன். "ஒரு ஆளுக்கு ஒரு படம் போதும். என்னுது எப்பவோ மாலையோட தொங்குது" என்று சொல்லிவிட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மனைவி தனம்மா என்னிடம் வந்தார். "படம் புடிக்கிற உங்ககூட இத்தினி வருஷம் பழகினாரு. ஒரு படம்கூடவா இல்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க முடியாமல் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இது உன் புருஷன் இல்லம்மா" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"தெரியும்ணா" என்றார் கன்னியம்மா.

"எப்போ தெரியும்?"

"பொட்டியத் தூக்கிகினு வாசப்படில வந்து நின்னாரே, அன்னிக்கே. தழும்பத்தான் நீ எடுத்துட்டே. கண்ணை எடுத்துட முடியுமா?"

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா எங்க வூட்டுக்காரர் மூஞ்சிய எட்த்தாந்து குடுத்துடுவியா? கண்ணாலமாகி நாப்பது நாளுல கப்பலேறிட்டாரு. மாமியார் முன்னாடி தலைய நிமிர்த்தி அவர் மூஞ்சியப் பாத்தது இல்ல. இப்போ அவர நெனச்சுக்கினா எனக்கு இந்த மூஞ்சிதான் வருது."

அவரே படத்தைக் கழற்றி, தூசி துடைத்து என் கையில் கொடுத்தார். "காப்பி எடுத்துக்கினு இத்தத் திருப்பிக் கொண்டாந்து மாட்டிடு. வெறுஞ் செவுத்தப் பாத்துகினு நான் இன்னா பண்றது?"

அப்படியே செய்தேன். தனம்மாவுக்கான பிரதியில், முன்பு நான் மறைத்த தழும்புகளை ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தூரிகையால் வைத்தேன். தனம்மா படத்தை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "தாடைகிட்ட ஒண்ணு வுட்டுட்டீங்கண்ணா" என்று விரலை வைத்துக் காட்டினார். அதையும் வைத்தேன்.

இன்று கோதண்டத்தின் முகத்துக்கு இரண்டு வீட்டில் விளக்கு எரிகிறது. ஏகாம்பரத்தின் முகம் எந்த வீட்டிலும் இல்லை. அவர்களைக் கப்பலேற்றி அனுப்பியவர்களிடம் அந்த ஒரு பிரதி இருக்கிறதோ என்னவோ, கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.

பிரதி எடுத்த பிளேட் என்னிடம் இருக்கிறது. போன வாரம் ஸ்டூடியோ முதலாளி பழைய பிளேட்டுகளையெல்லாம் கழுவச் சொன்னார். வெந்நீர் போட்டு மற்ற எல்லாவற்றையும் கழுவினேன். கோதண்டத்தைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.