ட்ரிகரை நிறுத்திய மத்தியானம்

உள் ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். கள்ளக்குறிச்சியில் விடுதி மாணவர்களின் பதிவுகளைக் கணினியில் பராமரிக்கும் ஒப்பந்த அலுவலகத்தில் இருந்தேன். சமவெளி ஊர் மாணவர்களின் சாதிக் குறியீட்டை மொத்தமாகப் புதிய பட்டியலுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

எங்கள் தரவுத்தளத்தில் ட்ரிகர் என்று ஒரு காவல் நிரல் உண்டு. யார் குறியீட்டை மாற்றினாலும் அது தானாகவே சான்றிதழ் எண் கேட்கும். இல்லாவிட்டால் மறுக்கும். இருந்தால் பழையது, புதியது, மாற்றியவர் பெயர் எல்லாவற்றையும் குறித்துவைக்கும். அந்த அலுவலகத்தில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

மேலாளருக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இன்னாம்மா இது, மாமியா மாதிரி ஒவ்வொண்ணுக்கும் கேள்வி கேட்டுக்கினு? ஆஃப் பண்ணிட்டு மொத்தமா தட்டி வுடு. தியாகதுருகத்துல மறியலாம், பஸ்ஸு நின்னுடும்."

கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அன்று எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் ஏழு மாதக் குழந்தை. எனக்கோ பால் கட்டி வலித்தது. ட்ரிகரை நிறுத்தி, குறியீட்டை மொத்தமாக மாற்றி, மறுபடி இயக்கிவிட்டு ஓடினேன். மேலாளர் கொடுத்த ஊர்ப் பட்டியலில் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை ஊர்களும் கலந்திருந்தன.

சில நாளில் மலையிலிருந்து ஒருவர் மகளின் சான்றிதழோடு வந்தார். மறுநாளுக்குள் சரிசெய்யாவிட்டால் கல்லூரி விடுதியில் பழங்குடிக்கான இடம் அவளுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

"நாங்க எப்பங்க சாதி மாறனோம்? எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

சான்றிதழைப் பார்த்துத் திருத்தினேன். ட்ரிகர் கடமையாகக் குறித்துக்கொண்டது: சமவெளிச் சாதி, பழங்குடி ஆனது, மாற்றியவர் நான். அதை நிறுத்திவிட்டு நான் மொத்தமாகச் செய்த அபத்தத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் காலை விடுதிச் சேர்க்கையைச் சரிபார்க்கும் அதிகாரி அந்தத் தகப்பனை அதட்டினார். "நேத்து வரைக்கும் வேற சாதி, இன்னிக்குப் பழங்குடியா? யாரப் புடிச்சீங்க? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுய்யா."

மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ வாயத் தொறக்காத. கைக்கொழந்தக்காரி, வேலை வேணுமில்ல?"

வேண்டும்தான். மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காம் முறை நடந்ததைக் கடிதமாக எழுதிக்கொண்டு அதிகாரியிடம் போனேன். அவருடைய கணினியிலேயே அந்த மலை ஊரின் மற்ற பிள்ளைகளைத் தேடிக் காட்டினேன். ஒருவர்கூடப் பழங்குடி இல்லை.

"பழங்குடி இல்லன்னு மாத்திக்க மொத்த ஊருமா யாரையோ புடிச்சிருப்பாங்க, சார்?" என்றேன்.

அவர் அவளுடைய படிவத்தில் கையெழுத்திட்டார். பெண்ணுக்கு இடம் கிடைத்தது. ஆனால் என் கடிதம் முறைப்படி மேலாளர் வழியாகத்தான் மேலே போக வேண்டுமாம். அவரும் அனுப்பினார். 'மேலாளர் சொன்னபடி' என்ற இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிட்டு.