கொட்டாவிக்காரி நாலாவது மாடிக்குப் போனது

கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த ரஸ்க் கம்பெனியில், பொது மேலாளர் அறை இருக்கும் நாலாவது மாடியிலிருந்து யாருக்கு அழைப்பு வந்தாலும் அவர் முதலில் ஏறிப்போவது இரண்டாவது மாடிக்குத்தான். அங்கே போனில் ஆர்டர் எடுக்கும் பிரிவு இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் அசிமீனா. கண்ணேறு கழிப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை.

கண் கழிக்க அவள் கேட்பது ஞானஸ்நானப் பெயர் ஒன்றுதான். பெயரைக் கேட்டுக்கொண்டு, உதடு மட்டும் அசைய எதையோ முணுமுணுப்பாள். மூன்று முறை சிலுவை போடுவாள். தூ தூ தூ என்று காற்றில் துப்புவாள். ஆள்மேல் கண் பட்டிருந்தால் கொட்டாவி அவளுக்கு வரும். கண்ணில் நீரும் கோத்துக்கொண்டால் பலமான கண் என்று பொருள். கழித்தபின் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் போனது திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். சம்பள உயர்வு கேட்கப் போகிறவனும் திட்டு வாங்கப் போகிறவனும் ஒரே மாதிரி நன்றியை விழுங்கிக்கொண்டு மாடியேறுவார்கள்.

கம்பெனியில் சேர்ந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அசிமீனா அந்த நாலாவது மாடியைப் பார்த்ததில்லை. அதனால்தான் அவளுக்கு அதன்மேல் அத்தனை ஆவல். திரும்பி வருகிறவர்களைச் சும்மா விடமாட்டாள். நாற்காலி பள்ளமாக இருக்கிறது, உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கிறது என்பான் ஒருவன். கம்பளத்தில் காலடிச் சத்தமே கேட்காது, செத்துப்போய்விட்டோமோ என்று தோன்றும் என்பாள் ஒருத்தி. எல்லோரும் பயத்தைத்தான் சொன்னார்களே தவிர, அங்கே பயப்பட என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஏதென்ஸிலிருந்து புதுப் பொது மேலாளர் வந்த பிறகு இன்னொரு ஆவலும் சேர்ந்துகொண்டது. கதவில் ‘அ. கல்ஃபாஸ்’ என்றுதான் போட்டிருந்தது. அந்த ‘அ’ என்ன? அந்திரேயாஸ் என்றார்கள், அப்போஸ்தொலோஸ் என்றார்கள். பேக்கிங் பிரிவில் காபி பந்தயமே கட்டினார்கள். மனுஷர் வாயைத் திறந்தால்தானே.

அந்தக் கல்ஃபாஸிடமிருந்துதான் ஒரு வியாழக்கிழமை காலையில் அசிமீனாவுக்கு அழைப்பு வந்தது. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் பிரிவை ஏதென்ஸுக்கு மாற்றப்போகிறார்கள் என்று ஈஸ்டரிலிருந்தே பேச்சு. அன்று காலையிலேயே முதலாளிகள் கூடி முடிவெடுக்கிறார்கள். மாறினால் அவளும் அவளோடு இருக்கும் மூன்று பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏதென்ஸ் வாடகைக்கு அவர்கள் சம்பளம் உப்புக்கும் காணாது.

“அழுதுடாதீங்க, அக்கா,” என்றாள் பக்கத்து மேஜை ஃபோஃபோ. “அழுதா நம்ம நாலு பேரையும் சேர்த்தே முடிச்சிருவாரு.”

“நான் எதுக்குடி அழறேன்? பேச வேண்டியதக் கண்ணாடி முன்னாடி நின்னு பத்துவாட்டி பேசிப் பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன் கை நடுங்குது?”

“காபி.”

“நீங்க இன்னும் காபியே குடிக்கல.”

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். தன் கண்ணைத் தானே கழித்துக்கொள்ள முடியாது. மந்திரம் ஆணிடமிருந்து பெண்ணுக்கும் பெண்ணிடமிருந்து ஆணுக்கும்தான் போகும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த, கம்பெனியின் பழைய அடுப்பு மெக்கானிக் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அதன்பிறகு அவளுக்காகக் கொட்டாவி விட உலகத்தில் ஒருவரும் இல்லை. அந்தக் காலையில் படியேறும்போது அது அவளுக்கு உறைத்தது, நன்றாகவே உறைத்தது.

மேலாளருக்கு எதிரே போட்டிருந்த நாற்காலி சாதாரண நாற்காலிதான். பள்ளமில்லை. கம்பளம் ஓரத்தில் நைந்திருந்தது. இதற்குத்தானா இத்தனை பேர் செத்துப் பிழைத்தார்கள் என்று நினைத்தாளே தவிர, அவளுடைய நெஞ்சும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பலிக்காது என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் உதட்டுக்குள்ளேயே மந்திரத்தை ஆரம்பித்தாள்.

கொட்டாவி வந்தது. தனக்குச் சொன்னால் வரக் கூடாதது அது; எதிரில் இருப்பவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். கையால் மறைத்தாள். அடுத்தது இன்னும் பெரிதாக வந்தது. மூன்றாவதில் தாடை கழன்றுவிடும் போலிருந்தது. கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கியது.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மா என்று அழைப்பதுபோல் ‘கிரியா’ போட்டு மரியாதையாகவே கேட்டார். “கிரியா அசிமீனா, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள தூக்கமா?”

கண்ணாடி முன்னால் நின்று பேசியதெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. “தூக்கம் இல்ல, சார்,” என்றாள். “உங்கமேல கண்ணு பட்டிருக்கு.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, நாலு பேர் வேலையும் போச்சு. ஆனால் அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். முதலாளிகளுக்கு வாசிக்க வேண்டிய தாள்களின் முனை, பிடித்துப் பிடித்து ஈரத்தில் சுருண்டிருந்தது. இந்த மாடியிலும் ஒருவர் நாலாவது மாடிக்குப் பயந்துகொண்டிருக்கிறார். அட, இதை யாரும் சொல்லவே இல்லையே.

“ரொம்பப் பலமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. உங்களுக்கு ரெண்டும் சேர்ந்து பட்ட மாதிரி இருக்கு.”

“மூணு ராத்திரியா தூங்கல. எங்க அம்மா இருந்தா தண்ணில எண்ணெய் விட்டுக் கண்ணு பட்டிருக்கான்னு பாத்திருப்பாங்க.” கதவைப் பார்த்தார். “இப்ப முடியுமா?”

“பேரு வேணும். ஞானஸ்நானப் பேரு.”

அவர் காது சிவந்தது. “வெளிய சொல்லக் கூடாது.”

“செத்தாலும் சொல்லமாட்டேன்.”

“அகதாங்கெலோஸ்.”

அசிமீனா முகத்தை எப்படி வைத்துக்கொண்டாளோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். நல்ல தேவதூதன் என்று பொருள்படும் அந்த நீளப் பெயரைச் சொல்லி மந்திரத்தை முடித்து, சிலுவை போட்டு, கொட்டாவிகளை அடக்காமல் விட்டு, தூ தூ தூ என்றாள். அவர் தோள் இரண்டும் இறங்குவது தெரிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தார்.

“சொல்லாதீங்க. திரும்பி வந்துரும்.”

அவர் தலையாட்டிக்கொண்டு தாள்களை எடுத்தார். “உங்க பிரிவப் பத்தி எழுதி முடிச்சாச்சு. மாத்தணும்னுதான் எழுதியிருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போகலாம்னு கூப்பிட்டேன். ஏதாவது சொல்லணும்னா முதலாளிங்க முன்னாடியே சொல்லுங்க. வாங்க.”

 மேலாளர் ஒருவர் என்று வந்தால், உள்ளே முதலாளிகள் மூன்று பேராம். கூட்ட அறைக் கதவுவரை நடந்தவள் அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“உங்களுக்கு நீங்களே கழிச்சுக்கலாமே?”

“எனக்கு நானே முடியாது, சார். பலிக்காது.”

“அப்ப யாரு கழிப்பா?”

“யாரும் இல்ல.”

அந்த இரண்டு வார்த்தைகள் அவளை மீறி வந்துவிட்டன.  அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு குனிந்து காதைக் காட்டினார். “பொம்பள ஆம்பளைக்குச் சொல்லலாம்தானே? சீக்கிரம் சொல்லுங்க.”

சொன்னாள். அவர் பரீட்சைக்குப் போகும் பையன்போல் இரண்டு தரம் ஒப்பித்தார். பிறகு அசிமீனா என்று அவள் பெயரைச் சேர்த்துக் கண்ணை மூடி முணுமுணுத்தார். மூன்றாவது சிலுவை போடும்போது அவர் வாய் திறந்தது, திறந்துகொண்டே போனது. கழுத்துப்பட்டை கோணிக்கொள்ள, கண்ணிலிருந்து நீர் கொட்டக் கொட்ட, அப்படியொரு கொட்டாவியை அவள் யாருக்கும் விட்டதில்லை. தான் இவ்வளவு பயந்திருந்தோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உள்ளே அவர் நன்றாகவே வாசித்தார். மாவு விலை, புது அடுப்பு, லாரி வாடகை என்று ஒவ்வொரு தாளாகப் புரண்டது. ஆர்டர் பிரிவுக்கான தாள் வந்தபோது, “வோலோஸில் உள்ள...” என்று ஆரம்பித்தார். கொட்டாவி வந்தது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி வந்தது. அசிமீனா பேசலாம் என்று எழுந்தாள். அவர் அவளை உட்காரும்படி கையால் காட்டிவிட்டு, அந்தத் தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

“இது இப்ப வேண்டாம்,” என்றார். “அந்தப் பிரிவ நான் இன்னும் நேர்ல போய்ப் பாக்கல. பாக்காம எழுதிட்டேன். தப்பு என்னோடது. அடுத்த வருஷம் பேசலாம்.”

மூத்த முதலாளி தோளைக் குலுக்கினார். அடுத்த தாள் புரண்டது.

வெளியே வராந்தாவில் அவள் அவரை நிறுத்தினாள். இவ்வளவு வருஷமாகப் பிறர் சொல்லவிடாமல் தடுத்த அந்த ஒரு சொல் இப்போது அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. கல்ஃபாஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக விரலை உயர்த்தினார்.

“சொல்லிடாதீங்க, கிரியா அசிமீனா. திரும்பி வந்துரும்.”

அவள் அதை விழுங்கிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டாவது மாடியில் மூன்று பேரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். வேலை இருக்கிறது என்று தெரிந்து, கட்டிப்பிடித்து அழுது முடித்தபின் ஃபோஃபோ கேட்ட முதல் கேள்வி, “அந்த ‘அ’ என்னக்கா?”

“அந்திரேயாஸ்,” என்றாள் அசிமீனா.