விளக்கை அணைத்தால் வருவாள்

என் வீட்டு முன்னறையில் வாசல் நிலையை ஒட்டி ஒரு பழைய சுவிட்ச் இருக்கிறது. கறுப்பாக, உருண்டையாக, நடுவில் மூக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும். போன மாதம் வயரிங் மாற்ற வந்த பையன் மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டு இதற்கும் திருப்புளியை நீட்டினான். "அதுல கைய வச்சே, தெரியும் சேதி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஏணியிலிருந்து இறங்கியே விட்டான். அந்தச் சுவிட்சுக்காக நான் பட்ட வயிற்றெரிச்சல் அவனுக்கு எங்கே தெரியும்?

போர்ட் பிளேருக்கு நாங்கள் கப்பலேறி வந்த காலத்தில், ஜங்லிகாட் மேட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்து வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, நடுவில் ஒரு மூங்கில் வேலி. மூத்தவரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, எதிலும் எனக்கு ஒரு படி மேலேதான் இருப்பாள். நிறம், நகை, மாமியாரின் செல்லம் எல்லாமே அவளுக்கு முதலில். கரண்டும் அப்படித்தான் வந்தது. மேட்டில் ஏறி வந்த கம்பிகள் அவள் கூரைக்கு நேர் மேலே போயின. கம்பம் அவள் வீட்டு மூலையில் நின்றது. என் வீட்டுக்கு எட்டாது, இன்னொரு கம்பம் வந்தால்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலமானால் அவள் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் பூக்கும். நான் இந்தப் பக்கம் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்த பல்பு ஃப்யூஸாகிப் போகாதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளோ அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு புலம்புவாள். தலையை வலிக்கிறதாம், தூக்கமே இல்லையாம், கம்பி முனகுகிறதாம். முனகியது உண்மைதான். கடல்காற்றில் உப்புப் படிந்து, தூறல் விழுந்தால் கம்பத்து உச்சியில் சடசடவென்று சத்தம் கேட்கும். கரண்ட் வைத்திருப்பவளுக்குத்தானே கரண்ட் வியாதி வரும், பெருமை பீற்றுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு இரண்டு கரு தங்காமல் போயிற்று. பக்கத்து வங்காளி அம்மாள் கூரையைக் காட்டி, "உப்பர் பிஜ்லி ஹை, பச்சா நஹீ டிகேகா" என்று சொல்லிவிட்டாள். மேலே மின்சாரம் ஓடினால் கீழே பிள்ளை தங்காதாம். ஆஸ்பத்திரி டாக்டர், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கறதா நான் படிச்சதில்லம்மா. கம்பத்தை இழுத்துக் கட்டின கம்பியில துணி மட்டும் காயப்போடாதீங்க" என்றார். அவள் டாக்டரை நம்பவில்லை.

மறுபடி நாள் தள்ளிப்போனதும் வேலியோரம் வந்து நின்றாள். "நம்ம வீட்டை மாத்திக்குவோமாடி? இந்தப் புள்ளையாவது தங்கட்டும்" என்றாள். கசக்குமா எனக்கு? ஒரே நாளில் அவள் என் அடுப்பிலும் நான் அவள் அடுப்பிலும் பால் காய்ச்சினோம். வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் கரண்டுக்குக் கண் தெரியாதா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் இந்தச் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்ததில், "ஏட்டி, அது என்ன வெளையாட்டுச் சாமானா?" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார்.

என் வீட்டில் அவளுக்குப் பெண் பிறந்தது, தங்க விக்கிரகம் மாதிரி. அந்த வருஷமே அடுத்த கம்பமும் நட்டார்கள். கூரை மேல் படாமல் ஓரமாக இழுத்து அவள் வீட்டுக்கும் கரண்ட் வந்துவிட்டது. வெளிச்சமும் அவளுக்கு, தொட்டிலும் அவளுக்கு. எனக்கு மாதாமாதம் ஏமாற்றம்தான் மிஞ்சியது. கம்பிதான் காரணமா என்று இன்றுவரை தெரியாது. பழைய வீட்டில் இருந்தபோதும் எனக்கு ஒன்றும் நடக்கவில்லைதான். அதை நினைத்துக்கொண்டேதான் கம்பியைத் திட்டுவேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்: "அக்கா, பழையபடி மாத்திக்கலாமா?" அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கைப்புள்ளையத் தூக்கிட்டு நான் எப்படிடி அங்க வருவேன்?" என்றாள்.

அந்தப் பெண் நடக்கத் தொடங்கியதும் வேலிச் சந்தில் நுழைந்து "சித்தி" என்று ஓடிவருவாள். தாய்க்காரி பதறுவாள். கடைசியில் அவளே ஒரு சட்டம் போட்டாள்: "சித்தி வீட்ல வெளக்கு எரிஞ்சா போகாத. அணைஞ்சிருந்தா போ." விளக்கை அணைத்தால் மேலே கம்பியில் ஓடும் கரண்டும் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். ஹார்பரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பல்பை அணைச்சா கம்பியில கரண்ட் நின்னுருமா? நானே போய் அண்ணிகிட்ட சொல்லட்டா?" என்றார். நான் அவர் வாயைப் பொத்தினேன். "ஐயோ, சொல்லிராதீங்க! அப்புறம் புள்ளைய அனுப்பவே மாட்டா."

ஆக, எந்த வெளிச்சத்துக்காக வீட்டையே மாற்றினேனோ அதை அணைத்துவிட்டு, சாயங்காலமெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என் மடியில் படுத்து வளையலை உருட்டிக்கொண்டு, "ஒங்க வீட்டுல ஏன் சித்தி எப்பவும் இருட்டு?" என்பாள். அந்தப் பக்கத்துப் பிரகாசமான வாசலிலிருந்து, "சாப்பிட வாடி" என்று குரல் வரும். உடனே மடி காலியாகிவிடும். தாயும் மகளும் வெளிச்சத்தில் சோறு பிசைவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெற்றவள் அவள்தான், இல்லையென்று யார் சொன்னது? இருந்தாலும் நெஞ்சு கொதிக்கும்.

வளர்ந்து, மெயின்லேண்டில் வாக்கப்பட்டுப் போன அந்தப் பெண் இப்போது பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தவள் வாசல் கேட் அருகிலேயே நின்றுவிட்டாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது; கண் மேலே கம்பியைப் பார்த்தது. படித்த பெண். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. "பைத்தியக்காரத்தனம்னு தெரியுது சித்தி. ஆனாலும் கால் வர மாட்டேங்குது" என்றாள்.

வேலிக்கு அப்பால் வீடு முழுக்க விளக்கைப் போட்டுக்கொண்டு, நரைத்த தலையோடு என் ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். இப்போது பேரப்பிள்ளையும் அவளுக்குத்தான். நான் நிலைப்பக்கம் கையை நீட்டி இந்தச் சுவிட்சை அணைத்தேன். தலைக்கு மேலே கம்பி எப்போதும்போல முனகிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இருட்டுக்குள் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.